செல்வமகள் கணக்கு கேட்டுப் போனேன், பாலிசியைக் கொடுத்து அனுப்பினார்கள்

பேத்தி பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் பென்ஷனில் மிச்சம் பிடித்து வருடம் ஒரு லட்சம் அவளுக்கென்று போட வேண்டும் என்று. பெண் குழந்தைகளுக்காக அரசு நடத்தும் செல்வமகள் சேமிப்புத் திட்டம்தான் மனதில் இருந்தது. அப்போது 8.2 சதவீத வட்டி. வட்டிக்கும் வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. 15 வருடம் கட்டினால் போதும், 21 வருடத்தில் முதிரும். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். விவரம் தெரியாமல் போய் ஏமாந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி. பாளையங்கோட்டையில் என் பென்ஷன் வரும் வங்கிக்குப் போனேன். பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், என் ஆதார், பான் எல்லாம் கையில். கவுண்டரில் கேட்டதும் உள்ளே ஒரு கண்ணாடி அறைக்கு அனுப்பினார்கள். சின்னப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. "டீச்சரம்மா, உட்காருங்க" என்று எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். காபி வந்தது.

"பாட்டி பேர்ல செல்வமகள் தொடங்க முடியாதும்மா. அக்டோபர் 1ல இருந்து கவர்மென்ட்டே நிறுத்திட்டாங்க" என்றான். இதில் பாதி உண்மை. தாத்தா, பாட்டி காப்பாளராக இருந்து தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் உத்தரவு இருக்கிறது. நானும் எங்கேயோ படித்திருந்தேன். அதனால்தான் அவன் அடுத்துச் சொன்னதையும் நம்பினேன். "அதுக்குப் பதிலா பாட்டிகளுக்குன்னே தனியா வந்திருக்கு. அதே வட்டி, அதே வரிச்சலுகை. உங்க கையெழுத்து மட்டும் போதும்."

அவன் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். பெற்ற தாயோ தகப்பனோ கணக்கைத் தொடங்கினால் போதும். நான் என் மகளுக்குப் பணம் அனுப்பினால் அவள் அதில் கட்டிவிடுவாள். அம்மா மகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மகள் வரி கட்ட வேண்டியதும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் நான் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

தாள்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. அப்புறம் 1,04,500 ரூபாய்க்குக் காசோலை கேட்டான். ஒரு லட்சம்தானே என்றேன். "முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் வரி வரும்மா" என்றான். வரியே இல்லாத கணக்கு வேண்டும் என்று போனவளிடம் 4,500 ரூபாய் வரி வாங்குகிறான், அது என்ன வரி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு முதல் வருடம் அப்போது 4.5 சதவீத ஜிஎஸ்டி. செல்வமகளில் அப்படி எதுவுமே கிடையாது. அந்த ஒரு எண்ணிலேயே எல்லாம் இருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. முன்கூட்டியே அவன் சொல்லி வைத்திருந்தான்: "சும்மா ஃபார்மாலிட்டிம்மா, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க." சொன்னேன்.

ஏப்ரல் 3ஆம் தேதி பாஸ்புக் வாங்கவும் புது நிதியாண்டுப் பணம் கட்டவும் போனேன். 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கும் வட்டி கிடைக்கும். அந்தப் பையன் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தான். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "அம்மா, இது இன்சூரன்ஸ் பாலிசி. பத்து வருஷம் பிரீமியம். உங்க உயிருக்குத்தான் காப்பீடு." அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண்.

பாலிசி வேண்டாம் என்றால் ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். என் ஆவணம் பிப்ரவரியிலேயே மின்னஞ்சலில் போய்விட்டதாம். எந்த மின்னஞ்சலுக்கு? எனக்கு மின்னஞ்சலே கிடையாது. விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தால் யாருடையதோ ஒரு முகவரி. ஆண்டு வருமானம் என்ற இடத்தில் என் பென்ஷனைப் போல இரண்டு மடங்கு. கையெழுத்து மட்டும் என்னுடையது.

கிளை மேலாளர் "கையெழுத்து உங்களுடையதுதானே" என்றார். காப்பீட்டு நிறுவனமும் காலம் கடந்துவிட்டது என்று எழுதியது. மாப்பிள்ளைதான் விடவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த அந்தப் போன் உரையாடலின் பதிவைக் கேட்டு எழுத வைத்தார். வந்தது. அதில் என் குரல் தெளிவாகக் கேட்கிறது, "இது பேத்திக்கான செல்வமகள் மாதிரி சேமிப்புதானே?" பதில் இல்லை. அந்தப் பக்கத்துப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள். அதோடு, அந்த மின்னஞ்சல் முகவரியையும் வருமானத்தையும் காட்டி, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு மனு போட்டோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ அங்கே போகலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். புகாரை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 155255 என்ற எண்ணுக்குப் பேசலாம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் அது.

விசாரணைக்கு முன்பே நிறுவனம் 1,04,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வட்டி இல்லை.

செல்வமகள் கணக்கை மகள் கோயம்புத்தூரில் தபால் நிலையத்திலேயே தொடங்கிவிட்டாள். அரை மணி நேர வேலை என்றாள். சம்பந்தியம்மாவும் பேத்திக்குப் போட ஆசைப்படுகிறார்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 1,50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போகிற பணத்துக்கு வட்டி கிடையாது. ஆகவே நான் ஒரு லட்சம், அவர்கள் ஐம்பதாயிரம் என்று பேசி வைத்துக்கொண்டோம். இதற்கான வருமான வரிக் கழிவு எனக்குக் கிடைக்காது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

அன்றைக்கு அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சள் பை. பேத்திக்குத்தான் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அடுத்து அவர்தான் உள்ளே போனார். அவர் உங்கள் வீட்டுத் தாத்தாவாக இருந்தால், அந்த மஞ்சள் பையில் இருக்கும் தாள்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.