இலைக் கணக்குக்கு ஒரு ஷேர்பாயின்ட் பக்கம்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி, சுற்று ஊர்களில் இருக்கும் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிறோம். யார் என்றைக்கு எத்தனை கிலோ கொடுத்தார், உரத்துக்கு எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் பாதி நோட்டிலும் பாதி எக்செல்லிலும் கிடந்தது. மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருந்ததால் அதோடு வரும் ஷேர்பாயின்ட்டில் (ஆபீஸுக்குள் பக்கங்களும் பட்டியல்களும் வைத்துக்கொள்ளும் இணையதளம்) நானே ஒரு பக்கம் செய்தேன். கோடிங் ஒரு வரிகூட எழுதவில்லை.

பக்கத்தில் இடது பக்கம் விவசாயிகள் லிஸ்ட், வலது பக்கம் இலை வரவு லிஸ்ட். இடதில் ஒருவர் பெயரைத் தொட்டால் வலதில் அவருடைய வரவு மட்டும் நிற்கும். இதற்கு டைனமிக் ஃபில்டரிங் என்று பெயர், லிஸ்ட் வெப் பார்ட்டின் (பக்கத்தில் லிஸ்ட்டைக் காட்டும் கட்டம்) செட்டிங்கில் ஆன் செய்து, இரண்டு லிஸ்ட்டையும் எந்த நெடுவரிசை இணைக்கிறது என்று காட்டினால் போதும். கீழே லிஸ்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்ற இன்னொரு வெப் பார்ட்டை வைத்தேன், தொட்டவரின் ஊர், வங்கி விவரம், முன்பணம் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் கணக்குக் கேட்டு வருகிறவரை உட்கார வைத்துவிட்டு நோட்டைப் புரட்டிய காலம் போயே போய்விட்டது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் பக்கத்தை அழகாக்கும் முன்னால் லிஸ்ட்டைச் சரியாகப் போட வேண்டும், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நான் முதலில் விவசாயியின் பெயரை வைத்தே லுக்அப் (ஒரு லிஸ்ட்டை இன்னொரு லிஸ்ட்டோடு இணைக்கும் நெடுவரிசை) கொடுத்துவிட்டேன். ஒரு நாள் ஒரு அக்கா வந்து, "தம்பி, 17-ம் தேதி 42 கிலோ போட்டேனே, காணோமே?" என்றார். திரையில் உண்மையிலேயே இல்லை. தேடிப் பார்த்தால் பக்கத்து ஊரில் அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் உட்கார்ந்திருந்தது. நம் ஊர்களில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அன்று ராத்திரியே எல்லோருக்கும் எண் கொடுத்து லுக்அப்பை எண்ணுக்கு மாற்றினேன், கூடவே பெயரும் ஊரும் தெரியும்படி செய்தேன். வரவு உள்ள விவசாயியை யாரும் தவறி அழித்துவிடாதபடி தடுக்கும் வசதியும் லுக்அப்பிலேயே இருக்கிறது. அதை மறக்காமல் போடுங்கள்.

அடுத்து 5,000 பதிவு விஷயம். லிஸ்ட்டில் லட்சக்கணக்கில் சேர்க்கலாம், ஆனால் ஒரு வியூ (லிஸ்ட்டில் வேண்டியதை மட்டும் காட்டும் தோற்றம்) ஒரே நேரத்தில் 5,000-க்கு மேல் அலசப் போனால் தடுக்கும். இலை வரவில் அந்த எண்ணை எட்ட ரொம்ப நாள் ஆகாது, அதனால் தேதிக்கும் விவசாயி எண்ணுக்கும் ஆரம்பத்திலேயே இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அடையாளம்) போட்டு, நடப்பு மாதம் மட்டும் தெரிகிற வியூவைப் பக்கத்தில் வைத்தேன்.

ஃபார்ம் விஷயத்தில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. லிஸ்ட்டின் சொந்த ஃபார்ம் நன்றாகவே இருக்கிறது, வேண்டாத கட்டங்களை மறைக்கலாம், வரிசை மாற்றலாம். ஆனால் இடது பக்கம் ஒருவரைத் தொட்டு வைத்துவிட்டுப் புதிய வரவு போடப் போனால், அவர் பெயர் ஃபார்மில் தானாக வந்து விழாது, மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது வேண்டுமென்றால் பவர் ஆப்ஸுக்கு (மைக்ரோசாஃப்ட்டின் ஆப் செய்யும் கருவி) போக வேண்டும், அதைப் பழக எனக்குப் பல வாரம் பிடித்தது. பழைய வீடியோக்களைப் பார்த்து இன்ஃபோபாத்தில் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஃபார்ம் கருவி) இறங்கிவிடாதீர்கள், 2026 ஜூலை 14 வரைதான் அதற்கு ஆதரவு என்று மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் தனி சாமான், அதில் நிரப்புவது நம் லிஸ்ட்டுக்கு வர நடுவில் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாக நடத்தும் கருவி) வேண்டும்.

அப்புறம் ஃபோன். சின்னத் திரையில் இரண்டு லிஸ்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகிவிடும், மேலே பெயரைத் தொட்டுவிட்டுக் கீழே உருட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் எடை போடும் இடங்கள் பலவற்றில் சிக்னலே இருப்பதில்லை, நெட் இல்லாமல் இந்தப் பக்கம் திறக்காது. அதனால் அங்கே இன்னும் துண்டுச் சீட்டுதான். சாயங்காலம் பிக்கப் வண்டி இலையோடு சீட்டுகளையும் கொண்டுவரும், நானும் இன்னொரு தம்பியும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். ஒருவர் எண்ணையும் கிலோவையும் சத்தமாக வாசிப்பார், மற்றவர் தட்டுவார்.