தௌலி அசோகர் பாறையும் அரைநாள் கைடு டூரும்: போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பூரி, கொனார்க் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பலரும் புவனேஸ்வரில் ஒரு ராத்திரியாவது தங்குவார்கள். அங்கே ஹோட்டலில் விசாரித்தால் காரும் கைடும் சேர்த்து அரைநாள் டூர் ஒன்றை ஏற்பாடு செய்து தருவார்கள். காலையில் தௌலி, அப்புறம் உதயகிரி, கண்டகிரி குகைகள், நடுவில் ஒரு கைவினைப் பொருள் கடை. நானும் அப்பாவும் போனது அப்படி ஒன்றில்தான். ஏற்பாடு செய்தவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. வண்டிக்கு 5க்கு 4 கொடுக்கலாம், இடத்துக்கு 5க்கு 5, அசோகரின் ஆணைகள் செதுக்கிய தௌலிப் பாறை முன்னால் நின்று கைடு சொன்ன கதைக்கு 1. அந்த 1 ஏன் என்பதைத்தான் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பாறையில் இருக்கிற விஷயம் அவ்வளவு பெரிது, அதைத் தவறவிட்டுவிட்டு மேலே போய் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்தது, ஏசி நன்றாக வேலை செய்தது, அப்பாவுக்கு முழங்கால் வலி என்றதும் டிரைவர் எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தினார். தண்ணீர் பாட்டில்கூட அவரே வாங்கி வைத்திருந்தார். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த மாதிரி டிரைவர் கிடைப்பது பெரிய விஷயம்.

தௌலி ஊரிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, பூரி சாலையில் போய்த் திரும்பினால் தயா நதிக்கரையில் ஒரு சின்னக் குன்று. வண்டி நேராக உச்சிக்குத்தான் போனது. உச்சியில் இருப்பது வெள்ளை வெளேரென்று சாந்தி ஸ்தூபி, ஜப்பானிய பௌத்தர்கள் முன்னின்று 1970களின் தொடக்கத்தில் கட்டியது. அழகான இடம், கீழே வயலும் நதியும் தெரியும், காற்று நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் டூரில் கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விட்டது. அசோகர் காலத்துக் கல் கீழே குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது, இறங்கி வரும்போது "இதையும் பார்த்துக்கோங்க" என்கிற மாதிரி ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

அங்கே கைடு சொன்னது இது: கலிங்கப் போரில் செத்தவர்களைப் பார்த்து அசோகர் இங்கேதான் அழுதார், அந்த வருத்தத்தை இந்தப் பாறையில்தான் எழுதி வைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தௌலிப் பாறையில் அந்த வருத்தமே கிடையாது.

அசோகர் பல ஊர்ப் பாறைகளில் செதுக்க வைத்த ஆணைகள் வரிசையாக 14. வருத்தம் வருவது அதில் 13ஆம் பாறை ஆணையில். 1,50,000 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் செத்துப்போனார்கள் என்று அரசரே தன் வாயால் சொல்கிற ஆணை அது. குஜராத்தின் கிர்நார், டேராடூன் பக்கம் கால்சி, இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற ஷாபாஸ்கர்ஹி என்று பல இடங்களில் அது கிடைத்திருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆந்திராவில் கர்னூல் மாவட்டத்து எர்ரகுடி. போர் நடந்த கலிங்கத்தில் மட்டும் 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டார்கள். தோற்ற ஜனங்கள் முன்னால், அதுவும் போர் முடிந்து சில வருடங்களே ஆன நிலையில், உங்கள் ஆட்கள் இத்தனை பேரைக் கொன்றேன் என்று உரக்கப் படித்துக் காட்ட எந்த அரசுதான் துணியும்? ஆய்வாளர்கள் பலரும் சொல்கிற காரணம் இதுதான், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அந்த மூன்றுக்குப் பதிலாக இங்கே வேறு இரண்டு ஆணைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தனி ஆணைகள் என்று இவற்றைச் சொல்வார்கள். கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும், கர்நாடகத்தில் கலபுரகி பக்கம் சன்னதியிலும் இதே ஆணைகள் இருக்கின்றன. தௌலிக்குப் போவதே இந்த இரண்டுக்காகத்தான் என்று சொல்வேன்.

பாறையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மேலே பாறையிலிருந்து ஒரு யானையின் முன்பாதி மட்டும் வெளியே வருகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள், தலை, துதிக்கை, முன்கால்கள் வரை. அதன் கீழே சீராக்கிய பாறை முகத்தில் மூன்று பத்தியாக எழுத்து. நடுப்பத்தியில் 1 முதல் 6 வரையான ஆணைகள். வலப்பக்கம் 7 முதல் 10, அதோடு 14, அதற்கும் கீழே கட்டம் கட்டின மாதிரி இரண்டாவது தனி ஆணை. இடப்பக்கம் முழுக்க முதல் தனி ஆணை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், எழுத்து சின்னது, பல இடங்களில் தேய்ந்துவிட்டது. வெயில் சாய்வாக விழுகிற காலை நேரத்தில் கோடுகள் ஓரளவு தெரியும், உச்சி வெயிலில் வெறும் கருங்கல்தான் தெரியும்.

கையோடு மொழிபெயர்ப்பை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். கைடு போனில் பேசப் போய்விட்டார், நான் தடுப்பு ஓரம் நின்று அப்பாவுக்கு முதல் தனி ஆணையைப் படித்துக் காட்டினேன். தோசலி நகரத்தில் நீதி வழங்கும் அதிகாரிகளுக்கு எழுதினது அது. எல்லா மனிதரும் என் பிள்ளைகள், என் பிள்ளைகளுக்கு நான் விரும்புகிற நலமும் சுகமும் எல்லாருக்கும் வேண்டும் என்கிறார். இந்த வரி பிரபலம், பலருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் அசல் விஷயம். ஆயிரக்கணக்கான உயிர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, நான் சொல்வது உங்களில் சிலருக்கு முழுசாகப் புரியவில்லை, யாரோ ஒருவர் காரணமே இல்லாமல் சிறையில் அடைபடுகிறார், வதைபடுகிறார், அவரால் இன்னும் பல பேர் துன்பப்படுகிறார்கள், நீங்கள் நடுநிலையோடு நடக்க வேண்டும் என்கிறார். நடுநிலையைக் கெடுப்பது எவையெவை என்றும் பட்டியல் போடுகிறார்: பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு.

அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், களைப்பு என்ற இடம் வந்ததும் "இன்னொரு தடவை படிப்பா" என்றார். படித்தேன். "சர்க்குலர் இது. ஆனா களைப்பையும் தப்புன்னு எழுதின சர்க்குலரை நான் பாத்ததில்லை. மனு கொடுக்க வந்தவங்கள நாளைக்கு வான்னு திருப்பி அனுப்புறதுல பாதி களைப்புலதான் நடக்கும்" என்றார். பூச நட்சத்திரத்தன்று இதை எல்லாரும் கேட்கும்படி படிக்க வேண்டும், இடைப்பட்ட நாட்களில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் படிக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடுமை இல்லாத ஒரு அதிகாரியைச் சுற்றுப்பயணம் அனுப்பி இதெல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பேன், உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் இருக்கும் இளவரசர்கள் மூன்று வருடம் தாண்டாமல் அனுப்புவார்கள் என்று அடுத்தடுத்து வருகிறது. அப்பாவுக்கு உடனே ஜமாபந்தி ஞாபகம் வந்துவிட்டது, வருடா வருடம் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசில் உட்கார்ந்த கதையெல்லாம் சொன்னார். எனக்கு அந்தப் பாறை புரிந்தது அப்போதுதான். ஜனங்களைத் திருத்துகிற ஆணை ஒருபக்கம் இருக்கட்டும், ஜனங்கள்மேல் அதிகாரம் வைத்திருக்கிறவர்களைக் கட்டுப்படுத்துகிற ஆணை இது, அதைக் கமுக்கமாக அதிகாரிகளுக்கு மட்டும் அனுப்பாமல் ஊர் கேட்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். உன்னை எந்த மாதிரி நடத்த வேண்டும் என்று உன் அதிகாரிக்கு உத்தரவு போயிருக்கிறது என்பது போரில் தோற்ற ஊர்க்காரனுக்குத் தெரிந்திருக்கும். இது சாதாரண விஷயமே இல்லை.

வலப்பக்கத்து இரண்டாவது தனி ஆணை, இன்னும் ஜெயிக்கப்படாத எல்லைப்புற மக்களைப் பற்றியது. அரசர் நம்மை என்ன செய்வாரோ என்று அவர்கள் நினைப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மன்னிக்க முடிந்ததை மன்னிப்பார் என்று சொல்லுங்கள் என்கிறது. மன்னிக்க முடிந்ததை மட்டும்தான், கவனியுங்கள். ராணுவம் கலைக்கப்படவில்லை, மரண தண்டனையும் ஒழிக்கப்படவில்லை. பிற்காலத்துத் தூண் ஆணை ஒன்றில் மரண தண்டனைக் கைதிக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்ததாக அவரே சொல்கிறார். அசோகரைச் சாமியாராக்கிச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நடுப்பத்தியையும் அவசரப்படாமல் படியுங்கள். முதல் ஆணையில் பலிக்காக உயிர்களைக் கொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, தன் சமையலறைக் கணக்கையே வெளியே வைக்கிறார்: முன்பெல்லாம் தினமும் கறிக்காக லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான், இரண்டு மயில், ஒரு மான், அந்த மானும் எப்போதும் இல்லை, இனி இந்த மூன்றும் கொல்லப்படாது. இரண்டாவது ஆணை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், மூலிகை, கிணறு, சாலையோர மரம் பற்றியது. அவருடைய ஆட்சிக்கு வெளியே இந்த ஏற்பாடு போய்ச் சேர்ந்த இடங்களில் நம்ம சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் வருகிறார்கள். சத்தியபுத்திரர் யார் என்று ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது, 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் "சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி" என்று தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், கல்வெட்டு கிடைத்த பிறகுதான் அது அதியமான் குலம் என்று தெளிவானது. ஒடிசாவில் ஒரு பாறை முன்னால் நின்று இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது, கைடு இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

ஆறாவது ஆணையில், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப்புரத்தில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் ஜனங்கள் விவகாரத்தை வந்து சொல்லலாம் என்கிறார். அதற்குக் கீழேதான் "செதோ" என்று தனியாக ஒரு சொல், வெள்ளையன் என்று பொருள், மேலே இருக்கிற யானையைச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் 14ஆவது: சிலவற்றைச் சுருக்கமாக, சிலவற்றை விரிவாக எழுதியிருக்கிறோம், சிலது இனிமைக்காகத் திரும்ப வரும், எழுதினவர் தவறால் எங்காவது குறை இருக்கலாம் என்கிறது. ஒரு பேரரசின் ஆணை தன்னிடம் பிழை இருக்கலாம் என்று கல்லிலேயே ஒப்புக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் நடந்ததா, யாராவது கேட்டார்களா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு அசோகரே ஒரு பதில் வைத்திருக்கிறார், ஆனால் அது தௌலியில் இல்லை, டெல்லி ஃபிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிற தூணில் இருக்கிறது. முடிசூடி 27ஆம் வருடத்தில் எழுதின 7ஆம் தூண் ஆணை அது. தம்மம், அதாவது அறம், வளர்ந்தது இரண்டு வழியில், விதி போட்டது ஒன்று, மனதில் படும்படி எடுத்துச் சொன்னது இன்னொன்று, விதியால் ஆனது கொஞ்சம், எடுத்துச் சொன்னதால் ஆனதுதான் அதிகம் என்கிறார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

உதயகிரியில் அதே கைடு நன்றாகவே செய்தார், ராணி கும்பா என்கிற குகையின் சிற்பங்களைப் பொறுமையாகக் காட்டினார். அங்கே ஹாத்தி கும்பா குகையில், அசோகருக்குப் பிறகு வந்த கலிங்க அரசன் காரவேலனின் 17 வரிக் கல்வெட்டைத் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். தமிழ் நாட்டுக் கூட்டணியை உடைத்தேன் என்று அவன் சொல்லிக்கொள்வது அதில்தான். அது ஆணை இல்லை, வருடவாரியாக ஓர் அரசனின் சாதனைப் பட்டியல், தௌலியைப் பார்த்த கையோடு பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். படிகள் இருக்கின்றன, முழங்கால் வலிக்காரர்கள் பார்த்து ஏறுங்கள். கடை நிறுத்தம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த நேரம் தௌலிக்குக் கிடைக்கும்.

ஆக, டூரை எடுக்கலாமா என்றால், காரை மட்டும் எடுங்கள். காலை சீக்கிரம் கிளம்பி முதலில் பாறை, அப்புறம் ஸ்தூபி என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். பாறைக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், மொழிபெயர்ப்பை அச்செடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெறும் கல்லைப் பார்த்துவிட்டு வருவீர்கள். குடும்பத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தனி ஆணைகளின் இன்னொரு பிரதியையும் பார்க்க ஆசைப்பட்டால், சென்னை–ஹவுரா பாதையில் பெர்ஹாம்பூரில் இறங்கி ஜௌகடா போகலாம், ரிஷிகுல்யா நதிப் பக்கம். அங்கே இதே உத்தரவு தோசலிக்குப் பதிலாக சமாபா ஊர் அதிகாரிகளின் பெயருக்குப் போயிருக்கிறது.