குத்துச்சண்டை மேடையா, சினிமாச் சண்டைக் காட்சியா?

கோவை, ஈரோடு வட்டாரத்தில் குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள் பலர் இவ்விரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்கள்.

உடல்: தொழில்முறை மேடையில் ஆண்களுக்கு மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, பட்டப் போட்டியென்றால் 12 சுற்று வரை, தலைக்கவசமின்றி வாங்கும் அடிகள் மூளையைப் பாதிக்கும். படத்தில் முகத்தைத் தொடாமல் கடக்கும் குத்தைக் கேமராக் கோணமே அடியாகக் காட்டுகிறது. ஆனால் கீழே விழுவது நிஜம்.

பழக்கம்: குத்து வருவதை எதிராளி அறியாதபடி கையைக் குறுக்கி அடிப்பது மேடைத் திறமை, படத்திலோ பார்வையாளருக்குத் தெரிய அகல வீச வேண்டும். இதை மாற்றிக்கொள்வதே மிகக் கடினம் என்பேன்.

வருமானம்: போட்டி எப்போதாவது வரும். பொள்ளாச்சியில் படப்பிடிப்பு நடந்தாலும், சண்டைக் கலைஞர் சங்கம் இருப்பது சென்னையில்; பட வாய்ப்புத் தேடி அங்கே போக வேண்டியிருக்கும்.

இருபதுகளின் தொடக்கத்தில், நல்ல பயிற்சியாளருடன் இருப்பவர் மேடையை விட வேண்டாம்; தலையில் பலத்த அடிபட்டவர், மருத்துவரைக் கேட்காமல் இரண்டிலும் இறங்கக் கூடாது.