பழைய ரிசீவருக்கு ஒப்டிகல் பெட்டி போதும்

சித்தப்பா டுபாயிலிருந்து கொண்டுவந்த 5.1 ரிசீவரில் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் பெட்டி) படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் எச்.டி.எம்.ஐ. கிடையாது. பின்பக்கம் டிஜிட்டல் ஒலிக்கு வெளிச்சத்தில் வேலை செய்யும் ஒப்டிகல் ஒன்று, செப்புக் கம்பியில் வேலை செய்யும் கோஎக்சியல் ஒன்று, அவ்வளவுதான். படம் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் துளை மட்டும். இரண்டையும் இணைக்க, சி-மீடியாவின் சி.எம். 6206 சிப் உள்ள யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டி ஒன்றைக் கண்டியில் வாங்கினேன். ஹட்டனில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது. தாராளமாக வாங்கலாம்.

விலை கூடிய சவுண்ட் கார்ட் இதற்குத் தேவையே இல்லை. டிஜிட்டலாக அனுப்பும்போது, எண்களை ஒலியாக மாற்றுவது ரிசீவர்தான். கார்டில் எவ்வளவு உயர்ந்த சிப் இருந்தாலும் அந்த வழியில் அது சும்மாதான் இருக்கும். பார்க்க வேண்டியது ஒன்று: டொல்பி, டி.டி.எஸ். என்ற முறைகளில் சுருக்கிய 5.1 ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்துகிறதா? இந்தப் பெட்டி கடத்துகிறது. படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் பாஸ்த்ரூவை, அதாவது ஒலியை அப்படியே அனுப்பும் வசதியை, ஓன் பண்ணியதும் ரிசீவரில் டொல்பி டிஜிட்டல் என்று எழுத்து வந்தது. பின் ஸ்பீக்கர்களில் மழைச் சத்தம் தனியாகக் கேட்டது.

ஆனால் ஒப்டிகல் வழி ஒடுக்கமானது. 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 1,536 கிலோபிட் போய்விடும். டி.வி.டி.யின் டொல்பி 5.1 சுருக்கப்பட்டு 448 கிலோபிட்டுக்குள் அடங்குவதால் போகிறது. புளூ-ரேயின் ட்ரூ எச்.டி., அதாவது தரம் குறையாமல் சுருக்கிய டொல்பி ஒலி, போகாது. கேம் விளையாடினாலும் ஸ்டீரியோதான், ஏனென்றால் கேமின் 5.1 ஒலியை அந்த நேரத்திலேயே டொல்பியாகச் சுருக்கும் வசதி இந்தப் பெட்டியில் இல்லை. தம்பிக்கு இதில் பெரிய மனவருத்தம்.

கோஎக்சியலை விட்டு ஒப்டிகலை எடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மத்தியானம் திரும்பினால் இடி மின்னல். கோஎக்சியல் செப்புக் கம்பி. கம்ப்யூட்டரையும் ரிசீவரையும் மின்சாரத்தாலும் சேர்த்துவிடும். கூரையில் டிஷ் அன்டனா உள்ள வீடுகளில் அதனாலேயே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருவதுண்டு. ஒப்டிகலில் போவது வெறும் வெளிச்சம். இரைச்சலும் வராது, ஒன்றில் பாய்ந்த மின்னல் அந்த வயர் வழியாக மற்றதற்குத் தாவவும் முடியாது. அதற்காக பிளக்கைக் கழற்றாமல் இருந்துவிடாதீர்கள், கரண்ட் லைன் வழியாக வருவதை இது தடுக்காது.

பெட்டியோடு வந்த ஒப்டிகல் வயர் மட்டும் மட்டம். முனை இறுக்கமாக உட்காரவில்லை, சுவரோரம் மடிந்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. நல்ல வயர் தனியாக வாங்குங்கள். முனையில் உள்ள மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

உங்கள் ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் இந்தப் பெட்டி வேண்டாம். கம்ப்யூட்டரின் எச்.டி.எம்.ஐ.யையே நேராகக் கொடுங்கள், ட்ரூ எச்.டி.யும் கிடைக்க வழியுண்டு.