ரேஷன் கார்டுக்கு 3,500 ரூபாயா? கொடுத்துடாதீங்க

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போறவங்க முதல்ல இதைப் படிங்க. பல்லடம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. "எல்லா ஆன்லைன் வேலையும் செய்து தரப்படும்"னு கண்ணாடியில ஒட்டியிருக்கும். அங்க புது கார்டு போட ஒரு புருசன் பொண்டாட்டி கொடுத்த பணம் 3,500 ரூபாய். அரசு தளத்துல நாமே புது கார்டுக்கு விண்ணப்பிச்சா ஒரு பைசா செலவில்லை.

ஆளு விவரமாத்தான் பேசினார். "ஒரே ஆதார் ரெண்டு கார்டுல இருக்கக் கூடாதுங்க, அப்பா கார்டுல இருந்து மொதல்ல பேரை எடுத்துரலாம்"னார். அது சரிதான். நீக்கல் மனு போட்டார், பேரும் போயிருச்சு. அந்த நம்பிக்கையிலதான் 3,500 கை மாறுச்சு.

அடுத்து புது விண்ணப்பத்துல கைபேசி எண் கட்டத்துல தன்னோட நம்பரைப் போட்டுட்டார். "ஓடிபி அடிக்கடி வரும், உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு"ன்னு ஒரு சாக்கு. வினையே அந்தப் பத்து இலக்கத்துலதான். குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குப் போகும். தனி அடுப்பு, தனிச் சமையல் இருக்கான்னு பார்க்க வர்ற அதிகாரியும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா வீடு பூட்டித்தானே கிடக்கும்? நிராகரிச்சாச்சு. முகவரிக்கு வச்சதும் அப்பா பேர்ல இருக்கிற பழைய வீட்டு கேஸ் ரசீது. வாடகை ஒப்பந்தம் கையில இருந்தும் அதைக் கேக்கவே இல்லை.

இப்பப் பழைய கார்டுலயும் பேர் இல்லை, புது கார்டும் இல்லை. மாசாமாசம் 30 ரூபாய்த் துவரம்பருப்பு, 25 ரூபாய்ப் பாமாயில், அரிசி எல்லாம் போச்சு. போய்க் கேட்டா "சர்வர் டவுனுங்க", "மேடம் லீவுங்க", "திங்கக்கிழமை வாங்க கண்ணு". மூணாவது திங்கக்கிழமை "அப்ளை பண்றதோட எங்க வேலை சரிங்க"ன்னுட்டார். 3,500-க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சட்டுனு சொல்லிடறேன். நம்பர் உங்களுதா இருக்கணும். விண்ணப்பத்தோட குறிப்பு எண்ணை அங்கயே எழுதி வாங்குங்க. அட்டை வகையில அரிசி அட்டைன்னு இருக்கான்னு திரையைத் திருப்பச் சொல்லிப் பாருங்க, பொருளில்லா அட்டைன்னு தட்டிட்டா ஒண்ணுமே வராது. நிராகரிச்சுட்டா நேரா வட்ட வழங்கல் அலுவலகம், இல்லைன்னா 1967-ங்கிற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. "கார்டு இருந்தாத்தான் மாசம் ஆயிரம் உரிமைத்தொகை, சீக்கிரம் போடுங்க"ன்னு அவசரப்படுத்துவாங்க, அப்பத்தான் உஷாரா இருக்கணும்.

மறுபடி விண்ணப்பம் போட்டாச்சு, வாடகை ஒப்பந்தத்தோட, சொந்த நம்பர்ல. செலவு 0 ரூபாய்.