லினக்ஸ் லப்டொப்பில வைஃபை இழுபடுதா? பவர்சேவ், 5 கிகாஹேர்ட்ஸ், டொங்கிள், வயர்: எது சரிவரும்

விசுவமடுவில எங்கட வீட்டில சிம் போடுற 4ஜி றவுட்டர்தான், டவர் சிக்னல் முன் ஜன்னலடியிலதான் ஒழுங்கா விழும் எண்டபடியா அதை அங்க வச்சாச்சு, தம்பி படிக்கிற அறை பின்பக்கம், நடுவில தகரம் அடிச்ச குசினி. அவன் அறிவியல்நகர் எஞ்சினியரிங் ஃபகல்ட்டியில படிக்கிறான், லப்டொப்பில உபுண்டு எண்ட லினக்ஸ். போன்ல வீடியோ நல்லா ஓடுது, லப்டொப்பில ஒரு பக்கம் திறக்க விடிஞ்சுபோடும். யுஎஸ்பியில குத்திற வைஃபை டொங்கிள் ஒண்டு வாங்கித் தாங்கோ அண்ணா எண்டு நிண்டான், நான் காசு குடுக்க முதல் எல்லா வழியையும் ஒண்டோட ஒண்டு வச்சுப் பாப்பம் எண்டு சொன்னனான்.

முதல்ல பிழை எங்க எண்டு பாருங்கோ. டெர்மினல்ல றவுட்டர் அட்ரஸுக்கு (கனக்க வீட்டில 192.168.1.1) பிங் அடிங்கோ (பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற கட்டளை), பிறகு வெளியால இருக்கிற கூகிளின்ர 8.8.8.8க்கு அடிங்கோ. றவுட்டருக்கு சில மில்லிசெக்கனில ஒரே சீரா வந்து, வெளியால மட்டும் துள்ளுது எண்டா அது டவர்ப் பக்கத்துப் பிரச்சினை, லினக்ஸில என்னத்தை மாத்தியும் பிரயோசனமில்லை. றவுட்டருக்கே துள்ளினாத்தான் இனி சொல்லப்போறது உங்களுக்கு.

பவர்சேவை நிப்பாட்டுறதுக்கு ஒரு சதமும் செலவில்லை, அதால அதைத்தான் முதல் செய்யச் சொல்லுவன். பற்றரி மிச்சம் பிடிக்க வைஃபை கார்ட் இடைக்கிடை நித்திரை கொள்ளும், றவுட்டர் கிட்டத்தட்ட 100 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா அனுப்புற பீக்கனுக்குத்தான் முழிச்சு எனக்கு ஏதும் வந்திருக்கோ எண்டு பாக்கும், அதுக்குள்ள வந்த டேட்டா எல்லாம் றவுட்டரில காத்துக்கொண்டு நிக்கும். உபுண்டுவில நெட்வேர்க் மனேஜர் ஃபோல்டருக்குள்ள பவர்சேவுக்கெண்டே ஒரு செட்டிங் ஃபைல் கிடக்கு, அதில 3 எண்டு இருக்கிறதை 2 ஆக்கிப்போட்டு றீஸ்டார்ட் பண்ணினா சரி. தம்பிக்கு பிங் துள்ளினது இதோட நிண்டுட்டுது. பற்றரி கொஞ்சம் கெதியா இறங்கும், அவ்வளவுதான்.

ஆனா டவுன்லோட் இன்னும் மெதுவாத்தான் வந்தது, ஏனெண்டா சிக்னலே -75 dBmக்குக் கீழ (dBm சிக்னல் பலத்தின்ர அளவு). -50க்குக் கிட்ட நிண்டா நல்லம், -70ஐத் தாண்டினா கஸ்ரம்தான். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாத்தினா வேகம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஒரே அறையெண்டா உண்மைதான், ஆனா அது சுவரில வைஃபையின்ர மற்ற அலைவரிசையான 2.4 கிகாஹேர்ட்ஸை விடக் கெதியாச் செத்துப்போடும், தகரத்தைக் கண்டா ரெண்டுமே திரும்பிப்போடும். பின்னறைக்கு 2.4தான், சானலை 1, 6, 11 எண்டதில எது வெறுமையோ அதில விடுங்கோ.

டொங்கிள் வாங்கிறதெண்டா பெட்டியைப் பாத்து வாங்காதேங்கோ, உள்ளுக்க என்ன சிப் எண்டு கேளுங்கோ. மீடியாடெக் எம்டி7612யூ மாதிரிச் சிப்புக்கு டிரைவர் லினக்ஸின்ர அடிப்படையான கேர்னலுக்குள்ளயே இருக்கு, குத்தினா வேலை செய்யும். வெளியால டிரைவர் இறக்கி ஏத்திற சாமான் எண்டா ஒரு கேர்னல் அப்டேற்றோட நிண்டுபோகும், அந்த டிரைவரைத் திரும்ப இறக்கவும் நெட் வேணுமே! அதைவிட, கையில இருக்கிற அன்ட்றொய்ட் போனை வைஃபையில விட்டு யுஎஸ்பி டெதரிங் போட்டுப் பாருங்கோ, கனக்க போன் அந்த வைஃபையையே வயரால லப்டொப்புக்குக் குடுக்கும், லினக்ஸ் அதை லான் (வயர் நெட்) மாதிரி எடுக்கும். அப்ப நெட் பறந்தா லப்டொப் கார்ட்டோ டிரைவரோதான் பிழை, டொங்கிள் வாங்கிறதில நியாயம் இருக்கு. எங்களுக்குப் போனும் அந்த அறையில தவண்டது, முதல் அது நல்லா ஓடினது அவன் விறாந்தையில இருந்து பாத்தபடியாலதான்.

ரியல்டெக் 8723பிஇ கார்ட் உள்ள லப்டொப்புக்கு மட்டும் ஒரு தனி விசயம், சிலதில அன்டெனா ஒண்டுதான் பூட்டியிருக்கும், டிரைவர் மற்றப் பக்கத்தைப் பாத்துக்கொண்டிருக்கும், டிரைவர் செட்டிங்கில அன்டெனா தெரிவை 1, 2 எண்டு மாத்திப் பாத்தா செத்த சிக்னல் எழும்பும்.

எங்களுக்குப் போனும் தவண்டபடியா டொங்கிளை விட்டுட்டு, கடைசியா நாங்கள் றவுட்டரில இருந்து வயர்தான் இழுத்தனாங்கள். கற் 5இ எண்ட நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரைக்கும் போகும், எங்களுக்கு அதில கால்வாசியும் தேவைப்படேல்ல. எலியும் அணிலும் கடிக்கும் எண்டு பிவிசி குழாய்க்குள்ளால விட்டாச்சு. குசினிக்கு வெளியால போறபடியா ஐப்பசி கார்த்திகையில இடி முழங்கத் தொடங்கினா அம்மா கூப்பிட முதலே தம்பி ஓடிப்போய் ரெண்டு பக்கமும் கழட்டிப்போடுவான்.