ஒன்பது வருடமாக எச்4831எஸ்சி: வெடிமருந்தில் குறையில்லை, ப்ரைமர்தான் படுத்துகிறது

கொலராடோவில் இருக்கும் நண்பர் .270 வின்செஸ்டர் ரைபிள் வாங்கியிருக்கிறார். போன வாரம் போனில், "ரீலோடிங் ஆரம்பிக்கப் போறேன். எந்த பவுடர், எந்த ப்ரைமர்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் படிச்சுட்டேன்" என்றார். ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ரீலோடிங் என்றால் சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டை வீட்டிலேயே திரும்ப நிரப்புவது. பவுடர், அதாவது மருந்து, குண்டைத் தள்ளும் வெடிமருந்து. ப்ரைமர் என்பது ரைபிளின் ஊசி அடித்ததும் அந்த மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி.

நான் இருப்பது மான்டனாவின் கிழக்குப் பக்கம். என்னுடையதும் .270தான், 130 கிரெய்ன் எடையுள்ள குண்டு. 2016 முதல் ஹாட்ஜ்டன் கம்பெனியின் எச்4831எஸ்சி மருந்து போடுகிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் வேறொரு பால் பவுடர், அதாவது உருண்டை மணி மருந்து. அளப்பதற்கு அது சுகம், அளவையில் தண்ணீர் மாதிரி இறங்கும். ஆகஸ்டில் 33 டிகிரி வெயிலில் சுட்டுப் பார்த்து, திருப்தியாகி, தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கினேன்.

நவம்பர் கடைசி வாரம், மைனஸ் 20 டிகிரி. ஒரு மியூல் மான், 200 கஜம் இருக்கும். விசையை இழுத்தேன். 'டிக்' என்று ரைபிளின் ஊசி ப்ரைமரில் விழும் சத்தம் தனியாகக் கேட்டது, வெடிச் சத்தம் அதற்குப் பிறகு வந்தது. கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் குழல் அதற்குள் அசைந்துவிட்டது. குண்டு பனியில் புதைந்தது, மான் ஓடிவிட்டது. அரைகுறைக் காயத்தோடு போகவில்லையே என்பது எனக்கு இன்றும் பெரிய நிம்மதி. (ஊசி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பத்திரமான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடி போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பூட்டை) தொடாதீர்கள்.)

உருண்டை மணிகளின் மேல் எரிதலை மந்தப்படுத்தும் பூச்சு இருக்கும். குளிரில் அது பற்றிக்கொள்ள இன்னும் தாமதமாகும். ரீலோடிங் கையேடுகள் பல பால் பவுடர்களுக்கு மேக்னம் ப்ரைமர், அதாவது தீ பலமாக வரும் ப்ரைமர், சொல்வது இதனால்தான். நான் போட்டது சாதாரண ப்ரைமர். ஆகவே தப்பில் பாதி என்னுடையது.

அந்தக் குளிர்காலத்தோடு எச்4831எஸ்சிக்கு மாறினேன். அதே வெயில், அதே குளிர், இரண்டிலும் குரோனோகிராஃப் (குண்டின் வேகம் காட்டும் கருவி) வைத்து அளந்தேன். பழைய மருந்தில் குளிரில் வேகம் நொடிக்கு 90 அடி குறைந்திருந்தது. இதில் 18 அடி. அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. இந்த ஒன்பது வருடத்தில் ஆகஸ்டில் சரிசெய்த ஸ்கோப்பை நவம்பரில் நான் தொட்டதில்லை.

4831 முதலில் இரண்டாம் உலகப்போரில் 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கான மருந்து. மிஞ்சியதை ஹாட்ஜ்டன் வாங்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். இப்போது ஆஸ்திரேலியாவில் முல்வாலாவில் தயாராகிறது. எஸ்சி என்றால் குட்டையாக வெட்டிய மணி, அளவையில் அவ்வளவாகச் சிக்காது. எனக்குப் பிடித்த இன்னொன்று, .270 கூட்டில் இது கழுத்து வரை நிரம்பும். கைதவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஐஎம்ஆர் 4831 வேறு மருந்து, இதைவிட வேகமாக எரியும். எண் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து.

சரி, ப்ரைமர். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இந்த மருந்துக்கு சிசிஐ 200 என்ற சாதாரண ப்ரைமர் போதும், குளிரிலும் மேக்னம் தேவைப்படவில்லை. 100 கஜத்தில் குண்டுகள் ஒரு அங்குலத்துக்குள் விழும். 2020 வந்தது, கடைகளில் ப்ரைமர் தட்டு காலி. 35 டாலருக்கு வாங்கிய ஆயிரம் ப்ரைமரை 100 டாலர் என்றார்கள், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. 2021-ல் கையிருப்பு தீர்ந்து, கிடைத்ததே என்று வேறொரு கம்பெனியின் மேக்னம் ப்ரைமர் வாங்கினேன். ப்ரைமர் மாறினால் கையேட்டின் குறைந்த தொடக்க அளவிலிருந்துதான் மருந்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், வந்தேன். பழைய அளவை எட்டுவதற்கு முன்பே போல்ட் இறுகியது, ப்ரைமரின் விளிம்பு தட்டையானது, இரண்டும் அழுத்தம் மிஞ்சுவதற்கு அடையாளம். நிறுத்திவிட்டேன். குறைந்த அளவில் சுட்டால் இரண்டு அங்குலத்துக்குச் சிதறியது. அறுபது தோட்டாவும் ஒரு கோடையும் வீண். அந்த ப்ரைமரில் ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சின்னப் பித்தளைக் குப்பி ஒன்று மாறியதில் ஐந்து வருட உழைப்பு போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: எச்4831எஸ்சியை முதலில் வாங்காதீர்கள். ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இரண்டாயிரம் ப்ரைமர் எங்கே கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த ப்ரைமரை வைத்துச் சோதித்த மருந்து எது என்று கையேட்டில் தேடுங்கள். அது வேறு மருந்தாக இருந்தால் இருக்கட்டும்.

போன மாதம் கடையில் எச்4831எஸ்சி ஒரு பவுண்டு டப்பா 58 டாலர். 2016-ல் 28 கொடுத்தேன். ஒரு பவுண்டுக்கு நூற்றிருபது தோட்டா தேறினால் பெரிது. கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன், இந்த வருடம் வாங்குவதாக இல்லை. வீட்டில் முக்கால் டப்பா இருக்கிறது. அப்புறம் தேடிப் பிடித்த சிசிஐ 200-ல் 340 மிச்சம். அதை நவம்பருக்கு மட்டும் என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.